ஊர்த் தண்ணி கெட்டுப்போச்சா? பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

போன மாசம் பக்கத்து ஊர்ல இருந்து நாலு பேர் எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேல டேங்கர் லாரி வந்து ஓடைல எதையோ திறந்து விட்டுட்டுப் போகுது, காலைல பாத்தா நுரை நிக்குது, ஓடையை ஒட்டி இருக்கற கிணத்துத் தண்ணில குளிச்சா உடம்பு அரிக்குது, கேஸ் போட்டே ஆகணும், எந்த வக்கீலைப் பாக்கறதுன்னு கேட்டாங்க. "அண்ணே, வக்கீல் இருக்கட்டும், தண்ணி முதமுதல்ல மாறினது எந்த மாசம்னு யாராச்சும் எழுதி வச்சிருக்கீங்களா"ன்னு கேட்டேன். ஒருத்தர் ஆடிப்பெருக்குக்கு முன்னாடியேன்னார், இன்னொருத்தர் இல்லப்பா தீபாவளி கழிச்சுதான்னார். ரெண்டுக்கும் நடுவுல மூணு மாசம். அந்த மூணு மாசத்துல ஒரு கேஸே விழுந்து போகலாம்.

அவங்களுக்கு அன்னைக்கு வாயால சொன்னதைத்தான் இப்ப விரிவா எழுதறேன். நான் வக்கீல் இல்ல. எங்க ஊர்க்காரங்க ஏழெட்டுப் பேர் சேந்து ஒரு ஆலைக்கு எதிரா பசுமைத் தீர்ப்பாயத்துல, அதாவது சுற்றுச்சூழல் கேஸுக்குன்னே இருக்கற கோர்ட்ல, மனு போட்டு நாலு வருஷம் அலைஞ்சோம், அதுல பட்டுத் தெரிஞ்சது பாதி, மத்த ஊர்க் கேஸ் கட்டுகளைப் படிச்சுத் தெரிஞ்சது பாதி.

கிணத்தை எண்ணினவங்க கதை

முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க. இந்தியாவுல எந்தச் சுற்றுச்சூழல் கேஸ் தீர்ப்பை எடுத்தாலும் "மாசு பண்ணவனே செலவை ஏத்துக்கணும்"னு ஒரு கொள்கை வரும் பாருங்க, அதை நாட்டுச் சட்டத்தோட ஒரு பகுதின்னு சுப்ரீம் கோர்ட் அழுத்தமா சொன்னது நம்ம பாலாத்துக்காகப் போட்ட கேஸ்லதான். வேலூர் குடிமக்கள் நலப் பேரவைங்கற அமைப்பு 1991ல போட்டது, தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28, நீதிபதி குல்தீப் சிங். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஷாப்புங்க, அதாவது தோல் பதனிடற ஆலைங்க, சுத்திகரிக்காம விட்ட தண்ணிதான் பிரச்சனை. அதுல ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டாங்க, பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு கணக்குப் போட தனியா ஒரு ஆணையம் அமைக்கச் சொன்னாங்க, சென்னை ஹைகோர்ட்ல இதுக்குன்னே ஒரு பசுமை பெஞ்ச் வைக்கச் சொன்னாங்க.

அந்தத் தீர்ப்பைப் படிக்கறப்ப என்னை நிறுத்தின இடம் வேற. திண்டுக்கல் பக்கம் 13 கிராமத்துல ஒரு தன்னார்வ அமைப்பு வீடு வீடா, வயல் வயலா போய் கிணறு எண்ணியிருக்காங்க. குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணத்துல 350 கிணறு கெட்டுப்போச்சுன்னு அவங்க எடுத்த கணக்கை சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்புல அப்படியே எடுத்து எழுதியிருக்கு. யோசிச்சுப் பாருங்க, யாரோ ஒருத்தர் வெயில்ல நோட்டை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு கிணத்து மேட்டுக்கும் ஏறி இறங்கினதுதான் டெல்லி வரைக்கும் போய் நின்னிருக்கு. "எங்க ஊரே நாசமாப் போச்சு"ன்னு சொன்னா நீதிபதி தலையாட்டுவார், அதோட சரி, 467ல 350ன்னு சொன்னா பேனாவை எடுப்பார்.

அதுனால உங்க முதல் வேலை நோட்டு. ஒரு நானூறு பக்க லாங் சைஸ் நோட்டு வாங்குங்க, பக்கத்துக்கு நம்பர் போடுங்க, தேதி, நேரம், இடம், யார் பாத்தது, என்ன பாத்தது. லாரி வந்தா வண்டி நம்பர். ஆடு செத்தா எத்தனை, யாரோடது, கால்நடை டாக்டர் சீட்டு குடுத்தாரான்னு. நடுவுல தாளைக் கிழிக்காதீங்க, அடிச்சுத் திருத்தாதீங்க. வாட்ஸப் குரூப்ல போட்டோ போட்டாச்சே அது போதாதான்னு கேப்பாங்க, போதாது. போட்டோவை ஜிபிஎஸ்ஸும் தேதியும் பதியற ஆப்ல எடுங்க, எடுத்த போனையும் அந்த ஒரிஜினல் ஃபைலையும் அழிக்காம வைங்க.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம்

2010ல கொண்டு வந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்துல மூணு விதமான கெடு இருக்கு, இதை மட்டும் செவுத்துல எழுதி ஒட்டுங்க.

மாசை நிறுத்துங்க, நடவடிக்கை எடுங்கன்னு கேக்கற மனுவுக்கு, அதாவது 14ஆம் பிரிவு, பிரச்சனை முதல்ல தொடங்கின நாள்ல இருந்து 6 மாசம். தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டினா மேல 60 நாள் தரலாம். "முதல்ல தொடங்கின"ங்கற வார்த்தையைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டியா பிடிப்பார். மாசு இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு, தினமும் புதுசா பாதிப்பு வருதுன்னு வாதாடி ஜெயிச்ச கேஸ் உண்டுதான், ஆனா அதை நம்பி உக்காந்திருக்காதீங்க.

நஷ்டஈடு, கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் பழையபடி ஆக்கிக் குடுங்கன்னு கேக்கறது 15ஆம் பிரிவு, அதுக்கு 5 வருஷம், கூட 60 நாள். நிறைய பேர் இதைத் தெரியாமலே 6 மாசம் போச்சேன்னு விட்டுடறாங்க.

மூணாவது, புதுசா ஒரு ஆலைக்கோ குவாரிக்கோ குடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து அப்பீல். இது 30 நாள், கூட 60, அதாவது மொத்தம் 90 நாள். தொண்ணூத்தி ஒண்ணாவது நாள் போனீங்கன்னா கதவு சாத்தியாச்சு, எந்தக் காரணமும் எடுபடாது. இந்த அனுமதியையும் சுருக்கமா ஈ.சி.ன்னுதான் சொல்வாங்க, நம்ம ஊர்ல ஈ.சி.ன்னா வில்லங்கம் பாக்கறதுன்னு நினைச்சு ஒரு பெரியவர் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல போய்க் காத்துக்கிட்டு இருந்தார், பாவம், அது வேற இது வேற. அனுமதி கிடைச்ச 7 நாளைக்குள்ள அந்தக் கம்பெனி ரெண்டு பேப்பர்ல விளம்பரம் குடுக்கணும், அதுல ஒண்ணு அந்த ஊர் மொழிப் பேப்பரா இருக்கணும்னு விதி. அந்தப் பேப்பர் கட்டிங்கைத் தேடி வைங்க. கெடு எப்ப ஆரம்பிச்சதுங்கற சண்டைல அதுதான் பேசும்.

எந்தக் கதவைத் தட்டறது

தென் மாநிலங்களுக்கான பெஞ்ச் சென்னைல சேப்பாக்கம் கலஸ் மஹால்ல இருக்கு. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, லட்சத்தீவு எல்லாத்துக்கும் இங்கதான். நீதித்துறை உறுப்பினர் ஒருத்தரும் துறை நிபுணர் ஒருத்தரும் சேந்து உக்காருவாங்க, அதுனால சி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கத் தேவைப்படற ஆக்சிஜன் அளவு), டி.டி.எஸ். (தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு அளவு)னு பேசினா புரிஞ்சுக்க ஆள் இருக்கும்.

ஆனா எல்லாக் கேஸும் இங்க வராது. தண்ணிச் சட்டம் 1974, காட்டுப் பாதுகாப்புச் சட்டம் 1980, காத்துச் சட்டம் 1981, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986, பல்லுயிர்ச் சட்டம் 2002ன்னு அட்டவணைல ஏழு சட்டம் இருக்கு, உங்க பிரச்சனை அதுக்குள்ள வரணும். வனவிலங்குச் சட்டம் 1972 அதுல கிடையாது. ஏரியை ஆக்கிரமிச்சு வீடு கட்டிட்டாங்கங்கறது மட்டும்தான் குறைன்னா அது 2007ல வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம், அதுக்கு ஹைகோர்ட்ல பொதுநல வழக்கு சரி. அதே ஏரில சாக்கடையோ கழிவோ கலக்குதுன்னா பசுமைத் தீர்ப்பாயம். தீர்ப்பாயம் வந்துட்டதால அரசியலமைப்போட 226ஆம் பிரிவு ஹைகோர்ட்டுக்குக் குடுத்த ரிட் அதிகாரம் குறையலன்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு.

தப்பான கதவைத் தட்டினா என்ன ஆகும்ங்கறதுக்கு தூத்துக்குடியே சாட்சி. ஸ்டெர்லைட் ஆலையை மூடின அரசாணையை எதிர்த்து அந்தக் கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போச்சு, 2018 டிசம்பர்ல சாதகமா உத்தரவும் வாங்கிச்சு, 2019 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் இந்த விஷயத்தை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமே இல்லன்னு ரத்து பண்ணி ஹைகோர்ட்டுக்குப் போகச் சொல்லிடுச்சு, அங்க 2020 ஆகஸ்ட்ல மூடினது சரின்னு தீர்ப்பு, 2024 பிப்ரவரில அதை சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணிடுச்சு. அவ்வளவு பெரிய வக்கீல் படை வச்சிருந்தவங்களுக்கே இந்த நிலைமை. நமக்கு ஒரு வருஷம் வீணாப்போனா ஊர்ல பாதிப் பேர் விலகிடுவாங்க.

தண்ணி எடுக்கறது

எங்க கேஸ்ல நாங்க பண்ண பெரிய தப்பு இங்கதான். முதல் தடவை குடிச்சு முடிச்ச கூல்டிரிங்ஸ் பாட்டில்ல தண்ணி பிடிச்சுக்கிட்டு பஸ்ல போய் லேப்ல குடுத்தோம். ரிப்போர்ட்டும் வந்துச்சு. இந்தப் பாட்டில்ல முன்னாடி என்ன இருந்துச்சு, இது எந்தக் கிணத்துத் தண்ணின்னு யாருக்குத் தெரியும்னு எதிர்த்தரப்புல கேட்டாங்க, எங்களால ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியல.

ரெண்டாவது தடவை ஒழுங்கா செஞ்சோம். என்.ஏ.பி.எல்.ங்கற, லேபுகளோட தரத்தைப் பாக்கற தேசிய அமைப்போட அங்கீகாரம் இருக்கற லேபுக்கு முதல் நாளே போன் பண்ணி, எதை எதைப் பாக்கணும்னு சொல்லி, அவங்க குடுத்த பாட்டிலையே வாங்கிக்கிட்டோம், உலோகத்துக்கு ஒரு பாட்டில், சி.ஓ.டி.க்கு ஒரு பாட்டில்னு தனித்தனியா குடுப்பாங்க, சிலதுல கெடாம இருக்க முன்னாடியே ஆசிட் சொட்டு விட்டிருப்பாங்க, அந்தப் பாட்டிலைக் கழுவிடக் கூடாது. காலைல ஆறு மணிக்குக் கிணத்து மேட்டுல நின்னோம். மோட்டாரைப் போட்டு பத்து நிமிஷம் ஓட விட்டு, குழாய்ல தேங்கின பழைய தண்ணி போனப்புறம் பிடிச்சோம். பாட்டில் மேல பேப்பர் ஒட்டி சர்வே நம்பர், கிணத்துக்காரர் பேர், தேதி, நேரம், பிடிச்சவர் கையெழுத்து, பாத்த ரெண்டு பேர் கையெழுத்து. எங்க ஊர் அக்கா ஒருத்தங்க மீன்காரர்கிட்ட ஐஸ் பெட்டி வாங்கிட்டு வந்தாங்க, அதுல வச்சு மதியத்துக்குள்ள லேப்ல இறக்கினோம், வாங்கினதுக்கு ரசீது வாங்கினோம். இது மொத்தத்தையும் வெட்டாம ஒரே வீடியோவா எடுத்தோம்.

இன்னொண்ணு, கழிவு சேர்ற இடத்துக்குக் கீழ இருக்கற கிணத்துல மட்டும் எடுக்காதீங்க, மேல இருக்கற நல்ல கிணத்துலயும் எடுங்க. கீழ டி.டி.எஸ். 4,000ன்னு வந்து மேல 700ன்னு வந்தா அந்த வித்தியாசம்தான் உங்க கேஸ். கீழ மட்டும் எடுத்தீங்கன்னா, இந்த ஏரியா தண்ணியே இயற்கையா உப்புங்கன்னு ஒரே வரில முடிச்சுடுவாங்க. அளவுகளையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஆறு ஓடைல விடற கழிவுநீர்ல பொதுவா பி.ஓ.டி. (நுண்ணுயிர் கழிவைச் சிதைக்க எடுத்துக்கற ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராம், சி.ஓ.டி. 250க்கு மேல போகக் கூடாது, பி.எச்., அதாவது அமில-கார அளவு, 5.5ல இருந்து 9க்குள்ள இருக்கணும்.

நம்ம எடுத்த ரிப்போர்ட்டே கடைசி சாட்சி ஆகிடாது, மாசு கட்டுப்பாட்டு வாரியம் சட்டப்படி எடுக்கற சாம்பிளுக்குத்தான் எடை அதிகம். நம்ம ரிப்போர்ட் செய்யற வேலை, வாரியத்தை வந்து எடுக்க வைக்கறது. ஆலை காம்பவுண்டுக்குள்ள மட்டும் கால் வைக்காதீங்க, ராத்திரில லாரியை மறிச்சுச் சண்டைக்கும் போகாதீங்க, கேஸ் நம்ம மேல திரும்பிடும். பொது ஓடை, சொந்தக் கிணறு, ரோடு, இது போதும்.

தாள் சேக்கறது

தகவல் உரிமைச் சட்டம் 2005ல பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாசு கட்டுப்பாட்டு வாரியத்து மாவட்ட ஆபீஸுக்கு ஒரு மனு போடுங்க. ஆலைக்குக் குடுத்த இசைவாணை (ஆலையை நடத்த வாரியம் குடுக்கற அனுமதி) நகல், அதுல போட்ட நிபந்தனை, கடைசி மூணு வருஷம் ஆய்வு பண்ண ரிப்போர்ட், அனுப்பின நோட்டீஸ், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கம்பெனி குடுக்க வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை, இதெல்லாம் கேளுங்க. "ஏன் நடவடிக்கை எடுக்கல"ன்னு கேக்காதீங்க, அது கேள்வி, ஆவணம் இல்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. "எடுத்த நடவடிக்கை சம்பந்தமான கோப்பின் நகல்"னு கேளுங்க. ஃபைலை நேர்ல பாக்கறதுக்கும் உங்களுக்கு உரிமை இருக்கு, அதையும் அதே மனுல ஒரு வரியா சேருங்க. 30 நாள் கெடு, பதில் வரலன்னா முதல் மேல்முறையீடு. பெரிய திட்டம்னா பரிவேஷ்ங்கற மத்திய அரசு வெப்சைட்ல விண்ணப்பமும் அனுமதியும் கிடைக்கும், மனு போட்டுக் காத்திருக்கவே வேணாம்.

எங்களுக்கு அந்த இசைவாணைல ஒரே ஒரு வரிதான் கேஸைக் காப்பாத்துச்சு. ஆலைல இருந்து ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளிய போகக் கூடாதுன்னு நிபந்தனை போட்டிருந்தாங்க. அப்ப வெளிய வந்த தண்ணி எவ்வளவு கெட்டதுன்னு நாங்க நிரூபிக்கவே தேவையில்லாம போச்சு, தண்ணி வெளிய வந்துச்சுன்னு காட்டினாலே போதும்.

கூடவே புகார் மனு. வாரியத்தோட மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர், கலெக்டர், தாசில்தார், பஞ்சாயத்து எல்லாருக்கும் ஒப்புகையோட தபால்ல அனுப்புங்க, திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துலயும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துலயும் குடுத்து மனு ரசீது வாங்குங்க. சும்மா ஒரு சடங்குன்னு நினைக்காதீங்க, நாங்க சொன்னோம் அவங்க செய்யலன்னு காட்டறதுக்கு இதுதான் ஆதாரம். ஆனா பதிலுக்குக் காத்திருந்து அந்த 6 மாசத்தைத் தொலைச்சுடாதீங்க. பொறுத்துப் பாக்கறது ஒரு மாசம், மிஞ்சினா ரெண்டு மாசம்.

யார் பேர்ல போடறது

பாதிக்கப்பட்டவங்க, நிலத்துக்காரங்க, அவங்க சார்பா ஒரு அமைப்பு, யார் வேணாலும் போடலாம். பதிவு பண்ண சங்கம் இருந்தா கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டு ஒருத்தருக்கு அதிகாரம் குடுங்க. சங்கம் இல்லன்னா மூணு நாலு பேர் சேந்து தனிநபரா போடுங்க. ஒருத்தர் பேர்ல மட்டும் வேணவே வேணாம். மிரட்டல், சமாதானம், வேலை தர்றோங்கற பேச்சு எல்லாம் அந்த ஒருத்தரைத் தேடித்தான் வரும். எங்க ஊர்ல ஒருத்தர் பையனுக்கு அதே ஆலைல வேலை குடுக்கறோம்னு வந்தாங்க, அவர் விலகிட்டார், அவர் வீட்டு நிலைமை தெரிஞ்சதால நாங்க யாரும் அவரைக் குறை சொல்லல, மத்த பேர் இருந்ததால மனு நின்னுச்சு.

மனுவும் வக்கீலும்

மனுவை ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம். நஷ்டஈடு கேக்காத மனுவுக்கு ஃபீஸ் 1,000 ரூபாய்தான். நஷ்டஈடு கேட்டா கேக்கற தொகைல நூத்துக்கு ஒரு ரூபாய், குறைஞ்சது 1,000. வக்கீல் இல்லாம நாமளே நின்னு பேசவும் சட்டத்துல இடம் இருக்கு, ஆனா மனுவும் விசாரணையும் இங்கிலீஷ்ல, தமிழ் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு சேக்கணும், அதுனால முடிஞ்சா வக்கீல் வைங்க. காசு இல்லன்னா சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்க, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மனுதாரர்ல ஒரு அக்காவைச் சேத்துக்கிட்டா இந்த வழியும் திறக்கும்.

மனு எழுதும்போது ஊர்ல இருக்கற எல்லாப் பிரச்சனையையும் ஒண்ணா போட்டு நிரப்பாதீங்க. ஒரு மனுவுக்கு ஒரே மூல காரணம்தான்னு விதியே இருக்கு. சாயத்தண்ணியும் மணல் லாரியும் குப்பைக் கிடங்கும் ஒரே மனுல போனா முதல் நாளே திருப்புவாங்க. முதல் பக்கத்துல தேதிவாரியா ஒரு பட்டியல் போடுங்க, அதுக்குத்தான் அந்த நோட்டு. எதிர்மனுதாரரா ஆலையை மட்டும் போடாம வாரியத்தையும் கலெக்டரையும் கட்டாயம் சேருங்க. கேக்கறதும் துல்லியமா இருக்கணும். "நீதி வழங்குங்கள்"னு எழுதாம, இந்த சர்வே நம்பர் ஓடைல கழிவு விடறதை நிறுத்தணும், கூட்டுக்குழு வச்சு ஆய்வு பண்ணணும், பாதிச்ச கிணத்துக்காரங்களுக்கு நல்ல தண்ணி குடுக்கணும்னு ஒவ்வொண்ணா.

கூட்டுக்குழு வர்ற நாள்

பெரும்பாலான கேஸ்ல தீர்ப்பாயம் முதல்ல செய்யறது கலெக்டர் தரப்பு, வாரியம், வேற துறை ஆளுங்களைச் சேத்து ஒரு கூட்டுக்குழு போட்டு நேர்ல பாத்து அறிக்கை குடுங்கன்னு சொல்றது. உண்மையைச் சொன்னா கேஸ் கோர்ட்டு ஹால்ல முடிவாகறது கம்மி, அந்த அறிக்கைலதான் முடிவாகும். அதுனால ஆய்வு நடக்கும்போது மனுதாரரும் கூட இருக்கணும்னு உங்க வக்கீலை உத்தரவுலயே கேட்டு வாங்கச் சொல்லுங்க. வர்ற நாளைக்கு ஆலை வாசல் பெருக்கி, தண்ணி தெளிச்சு, ஓடை பளிச்சுன்னு இருக்கும். அன்னைக்குத்தான் உங்க நோட்டையும் வீடியோவையும் லேப் ரிப்போர்ட்டையும் ஒரு கவர் லெட்டரோட குடுத்து, வாங்கினதுக்குக் கையெழுத்து கேக்கணும். அவங்க ஓடைல எடுத்தா, ஐயா இந்தக் கிணத்துலயும் எடுங்கன்னு கேளுங்க, எடுக்கலன்னா எடுக்கலன்னு அன்னைக்கே எழுதித் தபால்ல அனுப்புங்க. அறிக்கை வந்ததும் அதுல தப்பு இருந்தா ஆட்சேபணை போட உங்களுக்கு வாய்ப்பு இருக்கு, அப்ப இந்தத் தபால் ரசீது பேசும்.

வாய்தா வாய்தாவா போகும். 6 மாசத்துக்குள்ள முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டம் சொல்லுது, எங்களுக்கு அது நடக்கல. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரெண்டு பேர் முறை வச்சுப் போங்க, செலவை எழுதி வைங்க, ஊர்க் கூட்டத்துல படிச்சுக் காட்டுங்க. கேஸ் உடையறது முக்கால்வாசி காசுக் கணக்குலதான்.

உத்தரவு வந்தப்புறம்

இங்க யாரும் சொல்லித் தராத பகுதி. திருப்பூர் வழியா ஓடற நொய்யல் ஆத்துக் கேஸைப் பாருங்க. ஒரத்துப்பாளையம் அணைல சாயத்தண்ணி தேங்கிக் கெட்டுப்போன ஆயக்கட்டு விவசாயிங்க சங்கமா சேந்து 2003ல சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. 2006 டிசம்பர்ல உத்தரவு, 2009 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. அப்பவும் தண்ணி வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. அந்த விவசாயிங்க விடல, கோர்ட் அவமதிப்பு வழக்குப் போட்டாங்க, 2011 ஜனவரி 28ல திருப்பூர் சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொல்லி உத்தரவு வந்துச்சு. பட்டறைல வேலை பாத்த குடும்பங்க பட்ட பாடும் அதுல உண்டு, அதை மறைச்சுப் பேச நான் விரும்பல. அவங்களும் நம்ம ஜனங்கதான், முதலாளிங்க ஒழுங்கா சுத்திகரிச்சிருந்தா அந்த நாள் அவங்களுக்கு வந்திருக்காது.

பாலாறும் அப்படித்தான். 1996ல வந்த தீர்ப்புக்கு அப்புறமும் நஷ்டஈட்டுக்காக, ஆத்தைச் சுத்தம் பண்றதுக்காக அந்த மக்கள் விடாம நடந்து, 2025 ஜனவரி 30ல சுப்ரீம் கோர்ட் மறுபடி உத்தரவு போட்டு, பாக்கி இருக்கற நஷ்டஈட்டைக் குடுங்க, கண்காணிக்கக் குழு அமைங்கன்னு சொல்லியிருக்கு. கேஸ் போட்டு முப்பத்தி நாலு வருஷம்.

அதுனால உத்தரவு நகல் கையில கிடைச்ச அன்னைக்கே அதுல இருக்கற ஒவ்வொரு கட்டளையையும் கெடு தேதியோட தனித் தாள்ல எழுதுங்க. கெடு தாண்டினா எழுதிக் கேளுங்க, அப்புறம் தீர்ப்பாயத்துலயே நிறைவேற்று மனு போடுங்க, தீர்ப்பாய உத்தரவுக்கு சிவில் கோர்ட் டிக்ரி மாதிரியே பலம் உண்டு. உத்தரவு பாதகமா வந்தா சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல், 90 நாள்.

எங்க ஊர்ல கேஸ் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு இன்னமும் அதே பதினோரு கிணத்துல டி.டி.எஸ். மீட்டரை விட்டு எழுதிக்கிட்டுதான் வர்றோம். மூணாவது நோட்டு ஓடுது. முதல்ல எழுதின அண்ணனுக்குக் கண்ணு சரியா தெரியல, இப்ப அவர் பேத்தி பன்னெண்டாவது படிக்கறவ எழுதறா, அவர் பக்கத்துல நின்னு சர்வே நம்பர் சொல்றார். போன மாசம் வந்த நாலு பேரும் போகும்போது அந்த நோட்டை வாங்கிப் பாத்து எப்படிக் கோடு போட்டிருக்கோம்னு போன்ல போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்க.